வில்லங்கம் பிடித்த வம்சம்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் யாரிடமாவது "உங்க முன்னோர் யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க், தாத்தாவுக்குத் தறி, அதற்கு மேலே ஒரே தாவலில் குதிரையும் வாளும் வந்துவிடும். நடுவில் ஆளே கிடையாது. எல்லார் பூட்டனும் குதிரைமேல்தான் இருந்திருக்கிறார்கள். அந்தக் குதிரைக்குப் புல் அறுத்தவர், லாடம் அடித்தவர், சாணி அள்ளியவர் எல்லாம் சந்ததியே இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அத்தனை பேரும் குதிரையில் போனால் இந்தக் கரிசல் காட்டில் குதிரைவாலி விதைத்தது யார் என்று கேட்டால் மட்டும் கோபம் வரும்.

2025 நவம்பரில் தேர்தல் ஆணையம் இந்த ஆட்களை ஒரு சின்னப் பரீட்சையில் உட்கார வைத்தது. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம். 2002 அல்லது 2005 பட்டியலில் உங்கள் பெயரோ, அப்பா அம்மா பெயரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேள்வி. 1755இல் தன் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் எந்தக் கோட்டை வாசலில் காவல் நின்றார் என்று சொல்லத் தெரிந்தவர்கள், 2005இல் அம்மா எந்தப் பள்ளிக்கூடத்து பூத்தில் ஓட்டுப் போட்டாள் என்று தெரியாமல் தெருத்தெருவாக அலைந்தார்கள்.

இங்கிலாந்துக் கிராமத்துக் குடியானவனுக்கு இந்தச் சிரமம் இல்லை. 1538இல் எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் குரோம்வெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு ஊர்ச் சர்ச்சிலும் ஒரு நோட்டு. அந்த வாரத்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாதிரியார் அதில் எழுத வேண்டும். நோட்டை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்து, ஒரு சாவி பாதிரியாரிடம், இன்னொன்று சர்ச் நிர்வாகிகளிடம். ஒருவரை ஒருவர் நம்பாத இந்த ஏற்பாடு ஒன்றே அந்த மந்திரி ஊர்ப்பட்ட அனுபவசாலி என்பதற்குச் சாட்சி. வரி போடத்தான் கணக்கெடுக்கிறான் என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். தப்பாக நினைக்கவில்லை, கொஞ்சம் முந்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1783இல் பதிவுக்கு மூன்று பென்ஸ் வரி வந்தே விட்டது. பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. விளைவு உங்களுக்கே தெரியும்: நேற்றுவரை நாலு மாடு வைத்திருந்தவன் நோட்டில் பரம ஏழையாக ஏறினான். குரோம்வெல்லுக்கு உத்தரவு போட்ட இரண்டாம் வருஷமே தலை போயிற்று. நோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் எதையுமே எழுதாமல் விடுவதில்லை. கம்பளி வியாபாரம் படுத்துவிடக் கூடாது என்பதற்காக, செத்தவரைக் கம்பளித் துணியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டில் ஒரு சட்டம். மீறினால் 5 பவுன் அபராதம். கம்பளிதான் என்று சத்தியம் செய்து வேறு எழுதிக் கொடுக்க வேண்டும். ஏழைக்குச் சோறு போடும் பொறுப்பு அந்தந்தச் சர்ச் ஊரின் தலையில் விழுந்ததால், "நீ எங்க ஊர்க்காரனே இல்லை" என்று விரட்டுவதற்காகவே பஞ்சம் பிழைக்க வந்தவனை உட்கார வைத்து, எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், எவளைக் கட்டினாய் என்று விசாரித்து எழுதிக்கொண்டார்கள். கல்யாணமாகாத பெண் பிள்ளை பெற்றால் அப்பன் யார் என்று தோண்டித் துருவிப் பத்திரம் வாங்கினார்கள். ஒழுக்கத்தின் மேல் அக்கறை ஒன்றும் இல்லை, பால் செலவு ஊர் தலையில் விழுந்துவிடுமே என்ற பயம். இன்றைக்கு வம்சம் தேடி ஆஸ்திரேலியாவிலிருந்து விமானம் ஏறி வருகிற பேரப்பிள்ளைக்குக் கையில் கிடைப்பது இந்தக் காகிதம்தான். பிரபு வம்சம் என்று நம்பி வருவார்கள். கிடைக்கிறவர், பக்கத்து ஊரிலிருந்து விரட்டப்பட்ட ஒரு பெரியவர்.

நாம் எழுதவில்லையா? எழுதினோம். எழுதியதைப் பாதுகாக்கிற முறை நமக்குத் தனி. சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோயில். வரதுங்கராம பாண்டியர் சேர்த்து வைத்த ஏடுகள் அங்கே இருந்தன என்று கேள்விப்பட்டு உ.வே. சாமிநாதையர் ஆசை ஆசையாகப் போனார். கோயில்காரர்கள் கொஞ்சமும் கூச்சப்படாமல் விவரம் சொன்னார்கள். ஏடுகள் குப்பை கூளமாகக் கிடந்தனவாம். பழைய ஏட்டை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்ய வேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறதாம். செய்துவிட்டார்களாம். இங்கிலாந்தில் ஈரமும் எலியும் தின்ற நோட்டுகள் ஏராளம். நம் ஊரில் அக்கினி பகவானே நேரில் வந்து நெய் ஊற்றிச் சாப்பிட்டார். மரியாதையில் நாம் ஒரு படி மேல்.

தப்பிப் பிழைத்ததில் சுவாரசியமானது வம்சாவளி. 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆன காலின் மெக்கன்சி, ஆள் வைத்து ஊர் ஊராகச் சுவடி சேர்த்தவர். பாளையக்காரர்களின் வம்சாவளிகளையும் விடவில்லை. இன்றும் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் அந்தச் சேகரிப்பில் ஒரு பகுதி இருக்கிறது. படித்தால் ஒரு சங்கதி புரியும்: கதை ஒன்றுதான், பெயர்தான் மாறுகிறது. வடக்கே எங்கோ தண்ணீர்ப் பஞ்சமோ பெண் கேட்ட தகராறோ வருகிறது. குடும்பம் தெற்கே நடக்கிறது. மதுரைக்குப் போனால் ராஜாவின் எல்லையில் ஒரு புலி அட்டகாசம் செய்கிறது, இல்லையென்றால் ஒரு மல்லன் சவால் விடுகிறான். நம்மவர் முடிக்கிறார். ராஜா பட்டமும் பாளையமும் தருகிறார். கம்பெனிக்காரன் "இந்த நிலம் உனக்கு எப்படி வந்தது?" என்று கேட்கிற காலத்தில் இப்படி ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லா வம்சாவளியும் நிஜம் என்றால் மேற்கு மலையில் நாயக்கர் காலத்திலேயே புலி தீர்ந்திருக்க வேண்டும். 1988இல் களக்காடு முண்டந்துறையில் காப்பகம் வைக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

பக்கத்தில் இருக்கிற நெற்கட்டும்செவலுக்கே வருவோம். 1755இல் கர்னல் ஹெரான் பட்டாளத்தோடு வந்து கோட்டைக்கு வெளியே நின்று கப்பம் கேட்டார். பாளையக்காரர் பூலித்தேவர் தரவில்லை. கோட்டையை உடைக்கிற பெரிய பீரங்கி கர்னலிடம் இல்லை, சிப்பாய்க்குச் சாப்பாடும் இல்லை. வந்த வழியே போனார். பிற்பாடு கம்பெனிப் படைத் தளபதி யூசுப்கான் வந்து 1761இல் கோட்டைகளைப் பிடித்தார். பூலித்தேவர் என்ன ஆனார்? சங்கரன்கோவில் சந்நிதிக்குள் போனவர் ஜோதியில் கலந்து மறைந்தார் என்பது ஊர் வழக்கு. கோயிலில் அவருக்கென்று ஓர் அறையே இருக்கிறது. ஊர் நம்புகிறது, நானும் மறுக்கவில்லை. தாசில்தார் நிலைமையைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். இறப்புச் சான்றிதழ் கொண்டு வந்தால்தானே அவர் வாரிசுச் சான்றிதழ் தர முடியும்?

ஹெரான் கதையில் இந்தக் குழப்பமே கிடையாது. ஊர் திரும்பியதும் லஞ்சம், முறைகேடு என்று கம்பெனி அவரை விசாரித்து வேலையை விட்டு நீக்கியது. வீரருக்கு ஜோதி கிடைத்தது, லஞ்சம் வாங்கியவருக்குக் கோப்பு கிடைத்தது. வம்சம் தேடுகிறவன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய சூத்திரம் இதுதான். யோக்கியமாக, யாருக்கும் கடன் வைக்காமல், பங்காளியோடு சண்டை போடாமல் வாழ்ந்து செத்த தாத்தாவைத் தேடிப் பிரயோஜனமில்லை. அவர் எங்குமே இல்லை. கடன் வாங்கினவர்தான் காகிதத்தில் ஏறினார்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு பத்திரம் இருக்கிறது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் கஞ்சிப் பசை போட்டு ஒட்டியது. மேலே ஐந்தாம் ஜார்ஜ் மகாராஜா தாடியோடு இருக்கிறார். அடியில் என் அப்பாவின் தாத்தா கட்டைவிரலோடு இருக்கிறார். மகாராஜா முகம் மங்கிவிட்டது, பூட்டனார் ரேகை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அழுத்தி வைத்திருக்கிறார்; அல்லது கடன் கொடுத்தவர் அவர் கையைப் பிடித்து அழுத்தியிருக்கிறார். "மேற்படியார் தற்குறி" என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

அந்தப் பத்திரத்தில் இல்லாத விவரம் இல்லை. திருநெல்வேலி ஜில்லா, சங்கரன்கோவில் தாலுகா, கிராமம், சாதி, மதம், தொழில், தகப்பனார் பெயர். ஒரே காகிதத்தில் இரண்டு தலைமுறை. மதம் என்கிற இடத்தில் "சிவமதம்" என்று போட்டிருக்கிறது. அரியும் அரனும் ஒன்றே என்று காட்டுவதற்காகச் சாமியே பாதிப் பாதியாக நிற்கிற ஊர் இது. அந்தக் காட்சிக்காகக் கோமதியம்மன் ஒற்றைக்காலில் தபசு இருந்ததை ஆடி மாதம் லட்சம் பேர் வந்து பார்க்கிறார்கள். கோயிலுக்கு நாலு தெரு தள்ளி உட்கார்ந்த பத்திர எழுத்தர், "சிவமதமா, விஷ்ணு மதமா, சட்டுனு சொல்லும்" என்று கேட்டிருக்கிறார். பூட்டனாரும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கிறார்.

அடகு வைத்தது இரண்டு குறுக்கம் கரிசல் புஞ்சையும், கமலைக் கிணற்றில் நாலில் ஒரு பங்குத் தண்ணீரும். எழுத்தர் சும்மா விடுவாரா? அந்தக் காலத்துச் சம்பிரதாயப்படி அதிலுள்ள நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் சகலமும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார். அதாவது, மண்ணுக்கடியில் புதையல் இருந்தால் அதுவும் கடன்காரருக்கே. மாடு வாங்கக் காசில்லாத மனிதர், பெருந்தன்மையாகப் புதையலை விட்டுக்கொடுத்திருக்கிறார். கடனுக்குக் காரணம், குடும்பச் செலவும் முன்கடன் தீர்ப்பதும். இந்த "முன்கடன்" என்ற சொல்லைப் பார்த்ததும் வம்சம் தேடுகிறவனுக்கு எச்சில் ஊற வேண்டும். அதற்கு முன்னால் ஒரு பத்திரம் இருக்கிறது என்று அர்த்தம். அதில் அவருடைய அப்பா இருப்பார். அவர் தீர்த்தது தாத்தா வாங்கிய கடனாக இருக்கும். இப்படிக் கடன் மேல் கடனாக மிதித்து ஏறினால் ஐந்தாறு தலைமுறை மேலே போய்விடலாம்.

நிலம் வாங்குகிறவன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று வந்தால் சந்தோஷப்படுவான். நமக்கு நேர்மாறு. 1975க்குப் பிறகான வில்லங்கம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். அதற்கு முந்தியது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு எழுதி, தேடுதல் கட்டணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். "வில்லங்கம் ஏதுமில்லை" என்று ஒரு காகிதம் வந்தால், உங்கள் வம்சம் அந்தக் கிளையில் முடிந்தது என்று தலைமுழுகிவிடலாம்.

பெண்கள் இந்தக் காகிதங்களில் வருவது அபூர்வம். விதவையாகி, மைனர் மகனுக்குக் கார்டியனாக வரலாம். இன்னொரு வழி, புருஷன் கடன்காரனுக்குப் பயந்து சொத்தை அவசரமாகப் பெண்டாட்டி பெயரில் எழுதி வைப்பது. என் வம்சத்தில் முழுப் பெயரோடு தெரிகிற ஒரே பூட்டி இப்படி வந்தவள்தான். பிள்ளை பெற்றதோ, களை எடுத்ததோ எவனும் எழுதவில்லை. ஜப்தி வருகிறது என்றதும் ஒரே ராத்திரியில் மிராசுதாரிணி ஆகிவிட்டாள்.

பெயர் கிடைத்துவிட்டால் மட்டும் ஆள் கிடைத்துவிடுவாரா? இந்த ஊரில் கூட்டத்துக்கு நடுவே நின்று "சங்கரா" என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்புவார்கள். சங்கரநாராயணன், சங்கரலிங்கம், சங்கரபாண்டி, கோமதிசங்கர், கோமதிநாயகம், ஆவுடையப்பன், ஆவுடையம்மாள். போதாததற்குப் பேரனுக்குத் தாத்தா பெயர். வேலு மகன் சங்கரலிங்கம், சங்கரலிங்கம் மகன் வேலு என்று ஒரே இரண்டு பெயர் நூற்றைம்பது வருஷம் மாறி மாறி ஓடும். ஊரார் இதற்காகத்தான் நொள்ளை, கட்டையன், வெடிவால் என்று பட்டப்பெயர் வைத்துப் பிரித்து அறிந்தார்கள். அரசாங்கம் நாகரிகம் கருதிப் பட்டப்பெயரை எழுதாமல் விட்டது. சரித்திரத்துக்கு அதைவிடப் பெரிய துரோகம் இல்லை.

வருஷக் கணக்கு இன்னொரு கூத்து. "தாது வருஷத்தில் பிறந்தவர்" என்பார்கள். பஞ்சம் வந்த 1876ஆ, சுற்றி வந்த 1936ஆ? கணக்கப்பிள்ளை எழுதிய அடங்கலில் பசலி. 590 கூட்டினால் இங்கிலீஷ் வருஷம். பசலி 1330 என்றால் 1920 ஜூலையில் தொடங்குகிறது. 1899இலேயே மதராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்துவிட்டது. பார்த்தால் "ஆண்", அப்பா பெயர், தேதி. குழந்தைக்குப் பெயர் இருக்காது, வைத்திருந்தால்தானே எழுத? செத்தவர்கள் அநேகமாகக் காய்ச்சலில் செத்திருக்கிறார்கள். பாம்பு கடித்தாலும் கடைசியில் உடம்பு சுடத்தானே செய்யும் என்று கிராம முன்சீப் நினைத்திருக்கலாம். பள்ளிக்கூடத்துத் தேதியை நம்பலாமா என்றால், வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டவனுக்கெல்லாம் வாத்தியார் ஐந்து வயசு என்று முடிவு கட்டினார். அதனால்தான் நம் தாத்தாக்களில் பாதிப் பேர் மே, ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்.

1980 நவம்பர் 14ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கணக்கப்பிள்ளை, முன்சீப் பதவிகளை ஒரே வெட்டாக ஒழித்தது. நல்ல காரியம். ஆனால் ஊரில் எந்தப் புஞ்சை எந்தக் குடும்பத்துக்கு எப்போது கை மாறியது, எவன் எவன் மகன், எவன் அப்படிச் சொல்லிக்கொள்கிறவன் என்கிற அத்தனையும் கணக்கப்பிள்ளை தலைக்குள் இருந்தது. அதை ஒப்படைக்கச் சொல்லி எந்த அரசாணையும் இல்லை.

வம்சத்தில் ஒரு கிளை வேதத்தில் சேர்ந்திருந்தால் அது யோகம். பாளையங்கோட்டைச் சபையில் 1780லேயே 40 பேர் அடங்கிய பட்டியல் எழுதப்பட்டிருக்கிறது. குளோரிந்தா அம்மாள் காலத்துச் சபை அது. வேதக்கோயில் பதிவேட்டில் ஞானஸ்நானம் வாங்கியவர், தகப்பனார், தாயார், ஊர் எல்லாம் உண்டு. தாயாருக்குப் பெயர் உண்டு என்பதைக் கவனியுங்கள். சுடலை கும்பிடுகிற பெரியப்பா வீட்டு வம்சத்தை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற சித்தப்பா வீட்டு ஐயரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு யோகம், வீட்டை விட்டு ஓடிப்போனவர். உள்ளூரில் ஒழுங்காக உழுது கொண்டிருந்தவருக்குக் காகிதம் இல்லை. கப்பலேறியவருக்கு உயரம், வயது, தகப்பனார், கிராமம், உடம்பில் உள்ள தழும்புவரை எழுதி வைத்தான் வெள்ளைக்காரன். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன 1,52,184 பேருக்கும் பட்டியல் உண்டு. நம் பக்கத்துக்காரர்கள் அதிகம் போனது கண்டிச் சீமைக்கு. அங்கே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் துரை கொடுக்கிற "துண்டு" வேண்டும். துண்டில் இருப்பது என்ன? அந்த ஆள் தலைமேல் எவ்வளவு கடன், அதைக் கட்டினால் இவனைக் கூட்டிப் போகலாம் என்பது. 1921இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள். கடலைத் தாண்டிப் போயும் நம் ஆள் கடன்காரராகத்தான் பதிவாகியிருக்கிறார். அங்கே சிரிப்பு வரவில்லை.

சண்டைக்கு வருவோம். பாகப்பிரிவினை வழக்குப் போட்டவன் வாழ்க! பிராதோடு ஒரு வம்சாவளி அட்டவணை இணைத்தாக வேண்டும். முன்சீப் கோர்ட்டில் வாதி ஒரு மரம் வரைவான். பிரதிவாதி, அதில் இரண்டு கிளை பொய் என்று வெட்டி, வாதி மறைத்த இரண்டு கிளையை ஒட்டுவான். மூத்த தாரத்துப் பிள்ளை, இளைய தாரத்துப் பிள்ளை, தாரமே இல்லாமல் வந்த பிள்ளை எல்லாம் வெளியே வரும். குடும்பத்தில் யாரும் வாயைத் திறக்காத விஷயத்தை எதிர்க்கட்சி வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்டிருப்பார், அதை டைப் அடித்தும் வைத்திருப்பார்கள்.

கடைசியாகக் கையில் கிடைத்தது குலதெய்வக் கோயில் வரி நோட்டு. நம் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தாவைத் தேடி வேன் பிடித்துப் போவோம். சென்னை, மும்பை என்று எங்கே இருந்தாலும் அன்றைக்கு வந்தாக வேண்டும். காட்டுக்குள் தகரக் கொட்டகை, பொங்கல் புகை, ஒரு மடக்கு மேஜை. மேஜைமேல் தலைக்கட்டு வரி நோட்டு. காலிகோ அட்டை, மூலையெல்லாம் மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும். குரோம்வெல் பெட்டிக்கு நமக்கு வாய்த்த பதில் இதுதான். இரண்டு பூட்டுக்குப் பதிலாக ஒரு பெரியவர் அதன்மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறார்.

"யாரு மகன்?"

சொன்னேன்.

"தாத்தா?"

சொன்னேன். பெரியப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, நம்ம பூட்டன் காலத்துலருந்து இந்தக் கோயிலுக்கு நாமதான் முதல் மரியாதை, தெரியும்லா" என்று எடுத்துக் கொடுத்தார். பெரியவர் பதில் பேசவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து இன்னொரு பழைய நோட்டை எடுத்தார். எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். பூட்டனார் பெயர். மேற்படியாருக்குப் பட்டப்பெயரும் உண்டு, அதுவும் இருந்தது. அதை இங்கே எழுத முடியாது. அதற்கு நேரே நீல மசியில்: கோயிலுக்கு வெங்கல மணி ஒன்று செய்து தருவதாக ஒப்புக்கொண்டது. அதற்கும் நேரே, வேறு கையெழுத்தில்: வரவில்லை.

பெரியப்பா கொட்டகையைப் பார்த்தார்.

"மணி எப்பய்யா வரும்?" என்றார் பெரியவர், என்னைப் பார்த்து.